செவலைக் குதிரையில் வந்த மாட்டுக்காரர்

எங்கள் வீட்டுக்கு 1997-ல் கேபிள் வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும் சேனல் ராத்திரியானால் டி.என்.டி. ஆகிவிடும். பழைய ஆங்கிலப் படங்களாகப் போடுவார்கள். கொழிஞ்சாம்பாறையில் அந்த நேரத்துக்கு முக்கால்வாசி வீடு தூங்கியிருக்கும். அப்பா மட்டும் கயிற்றுக்கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. திரையில் குதிரை வந்தால் பார்ப்பார். குதிரை போய் ஆட்கள் பேச ஆரம்பித்தால் பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அன்றைக்கு ஓடியது 1949-ல் வந்த ஷீ வோர் எ எல்லோ ரிப்பன். ஜான் வெய்ன் வயதான கேப்டன். அவருடைய படையில் டைரி என்று ஒரு சார்ஜென்ட், செவலைக் குதிரையில் தனியாக வேவு பார்க்கப் போவான். செவ்விந்தியர்கள் துரத்துவார்கள். செம்மண் வெளியில் புழுதி பறக்க அவன் வருவான், எதிரே ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், ஒரே தாண்டில் தாண்டிவிடுவான். வாசலுக்குப் போகக் கிளம்பிய அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு, இவன் நடிகனில்லடா. மாட்டுக்காரன்."

"எப்படீங்கப்பா சொல்றீங்க?"

"உக்காந்திருக்கறதைப் பாரு. அது அந்தக் குதி குதிக்குது, இவன் தோளு அலுங்குதா? கயித்தைப் பாரு, தொளதொளன்னு உட்டிருக்கறான். பயந்தவன் இழுத்துப் புடிப்பான். இது படத்துக்குன்னு கத்துக்கிட்டது இல்ல."

படம் முடியும்வரை உட்கார்ந்து எழுத்துப் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்துக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன். பென் ஜான்சன். அந்தப் பெயரில் எங்களுக்கெல்லாம் தெரிந்தவர் சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்ட ஓட்டக்காரர் ஒருத்தர்தான். இந்த பென் ஜான்சன் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆயிற்று. பாலக்காட்டில் பிரௌசிங் சென்டர்கள் வந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து தேடினேன். அப்பா சொன்னது ஒரு சொல் பிசகவில்லை.

அப்பா மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கேரளா என்றதும் எல்லாரும் நினைக்கிற பச்சை இங்கே கிடையாது. பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவின் கிழக்குக் கோடி, கரிசல் மண், வரிசை வரிசையாகப் பனைமரம், கணவாய்க் காற்று. வீட்டில் தமிழ், கடையில் தமிழ், ஆபீசில் மட்டும் மலையாளம். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாய்க்கிழமை வாங்குகிற மாடு கோபாலபுரம் வழியாக எங்கள் ஊர் வந்து, மேற்கே குழல்மந்தம், வாணியங்குளம் சந்தைகளுக்குப் போகும். லாரி பெருகுவதற்கு முன்னால் எல்லாம் நடைமாடுதான். வெயில் தாழ்ந்து சந்தையிலிருந்து பத்துப் பன்னிரண்டு உருப்படியை அவிழ்த்தால், முன்னால் ஒருத்தர் அரிக்கேன் விளக்கோடு நடப்பார். பின்னால் அப்பா. நான் ஐந்தாறு முறை கூடப் போயிருக்கிறேன். மாட்டின் மூச்சுச் சத்தமும் குளம்புச் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது. பேசினால் மாடு மிரளும் என்று அப்பா பேசவே விடமாட்டார்.

பேரத்திலும் பேச்சில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அப்பா தன் வலது கையின் மேல் போடுவார். எதிராளி அதற்குள் கையை விடுவார். துண்டுக்கடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, ஐந்தையும் கொத்தாகப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கும் இருபது பேருக்கு ஒரு காசு விவரம் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. கட்டுப்படியாகாவிட்டால் கையை உருவிக்கொள்ள வேண்டும். படிந்துவிட்டால் விற்றவர் தன் பழைய கயிற்றைக் கழற்றிக்கொள்வார், வாங்கியவர் புதுக் கயிறு போடுவார். முடிந்தது வியாபாரம்.

பென் ஜான்சனும் இந்த மாதிரி ஒரு வீட்டில் பிறந்தவர்தான். 1918 ஜூன் 13, ஓக்லஹோமாவில் ஃபோரேக்கர் என்ற சிற்றூர். அவருடைய அப்பா பெயரும் பென் ஜான்சன். ஆயிரக்கணக்கில் மாடு மேயும் பண்ணை ஒன்றில் மேற்பார்வையாளர், கயிறு வீசி மாடு பிடிக்கும் போட்டியில் பட்டம் வாங்கியவர். மகன் சின்ன வயதிலேயே குதிரையேறிப் பண்ணை வேலைக்குப் போனார். நாளுக்கு ஒரு டாலர் கூலி.

சினிமா அவரைத் தேடி வரவில்லை. அவரும் சினிமாவைத் தேடிப் போகவில்லை. ஹோவர்ட் ஹியூஸ் தி அவுட்லா என்ற படத்துக்காக ஓக்லஹோமாவில் குதிரைகள் வாங்கினார். அவற்றைப் படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். பென் ஜான்சன் குதிரைகளோடு போனார். முதலில் கைக்கு வந்த காசோலை 300 டாலர். பண்ணையில் பத்து மாசம் வாங்கும் கூலி. குதிரையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மாட்டைக் கொண்டுபோய் உடப் போனவன் அந்த ஊரிலயே குடியேறறது புதுசா? நம்ம வாணியங்குளத்துல எத்தனை பேரு இருக்கறாங்க," என்றார்.

அடுத்த ஏழெட்டு வருஷம் அவர் முகம் எந்தப் படத்திலும் சரியாகத் தெரியாது. குதிரை பார்த்துக்கொள்வது, பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுவது. ஜான் வெய்ன், ஹென்றி ஃபோண்டா, ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கேரி கூப்பர் எல்லாருக்கும் டூப் போட்டிருக்கிறார். 1948-ல் ஜான் ஃபோர்ட் இயக்கிய ஃபோர்ட் அப்பாச்சி படப்பிடிப்பில் குதிரைகள் மிரண்டு, ஆட்களோடு ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. பக்கத்தில் குதிரைமேல் இருந்த பென் ஜான்சன் விரட்டிப்போய் நிறுத்தினார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. மிரண்ட மாட்டின் பின்னால் ஓடுகிறவனுக்கு யாராவது உத்தரவு போட வேண்டுமா? உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்றாராம் ஃபோர்ட். அடுத்த படத்தில் இன்னொரு டூப் வேலை கிடைக்கும் என்று இவர் நினைத்திருக்கிறார். வந்தது ஏழு வருட நடிகர் ஒப்பந்தம். வாரம் 5,000 டாலர் என்ற வரி கண்ணில் பட்டதும் மேற்கொண்டு படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாங்கள் பார்த்த சார்ஜென்ட் டைரி அந்த ஒப்பந்தத்தில் வந்த வேஷம். அந்தச் செவலைக் குதிரையின் பெயர் ஸ்டீல், நெற்றியில் வெள்ளை. சினிமாக் கம்பெனிகளுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஃபேட் ஜோன்ஸ் என்பவரின் லாயத்துக் குதிரை. அந்த ஃபேட் ஜோன்ஸின் மகள் கேரலைத்தான் பென் ஜான்சன் 1941-ல் கல்யாணம் செய்திருந்தார். ஆக மாமனார் வீட்டுக் குதிரையில்தான் அந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்கிறார். டைரி எதைக் கேட்டாலும், அது என் துறை இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்துகொண்டிருப்பான். நடிப்பென்றே தெரியாது. சந்தையில் மாட்டைப் பற்றி விசாரித்தால் அப்பாவும் அதே தொனியில்தான் பதில் சொல்வார்.

1950-ல் வந்த வேகன் மாஸ்டர் படத்தில் அவர்தான் கதாநாயகன் என்று சொல்லலாம். அவரும் ஹாரி கேரி ஜூனியரும் குதிரை வியாபாரிகள். பாலைவனம் தாண்டிப் போகும் மார்மன் என்ற மதப் பிரிவுக் குடும்பங்களுக்கு வழிகாட்டியாகப் போவார்கள். பெரிய நட்சத்திரம் யாருமில்லாத படம். எனக்கு அதுதான் ஜான் ஃபோர்டின் மற்ற எல்லாப் படத்தையும்விடப் பிடிக்கும். அதே வருஷம் ரியோ கிராண்டே. இரண்டு குதிரைகளை ஒட்டி ஓடவிட்டு, ஒன்றின் முதுகில் ஒரு காலும் மற்றதன் முதுகில் ஒரு காலும் வைத்து நின்றபடியே தடை தாண்டும் காட்சி. டூப் கிடையாது. அந்தக் காட்சியை ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முழங்கால் மட்டும்தான் மடங்கி நிமிரும், இடுப்புக்கு மேலே தண்ணீர்க்குடம் தலையில் இருப்பதுபோல அசையாமல் இருப்பார்.

அந்தப் படப்பிடிப்பில் ஃபோர்டோடு முட்டிக்கொண்டது. எல்லார் முன்னாலும் அவர் திட்ட, இவர் எழுந்து போய்விட்டார். 1964-ல் ஷயென் ஆட்டம் என்ற படம் வரும்வரை இருவரும் சேர்ந்து படம் செய்யவில்லை. அது ஒரு நடிகனுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனாலும் அவர் எழுந்து போனதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

1953-ல் சினிமாவை விட்டுவிட்டு, குதிரையேறி மாடு பிடிக்கும் ரோடியோப் போட்டிகளுக்குப் போனார். அப்பா வாங்கிய மாதிரி தானும் ஒரு பட்டம் வாங்க வேண்டும். அவர் இறங்கியது டீம் ரோப்பிங். இரண்டு குதிரைக்காரர்கள், ஓடும் காளை ஒன்று. முன்னால் போகிறவர் சுருக்கை வீசிக் கொம்பில் மாட்டி மாட்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திரும்புகிற அந்தக் கணத்தில் பின்னால் வருகிறவர் இரண்டு பின்னங்காலுக்கும் சுருக்குப் போட வேண்டும். நொடிக் கணக்கில் முடியும் வேலை. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க நேரமிருக்காது, மாட்டின் அசைவை வைத்தே மற்றவர் என்ன செய்வார் என்று தெரிய வேண்டும்.

இதை வீடியோவில் பார்த்தபோது எனக்குச் சந்தையில் லாடம் கட்டுகிற இடம் ஞாபகம் வந்தது. வண்டி மாட்டை நிற்கவைத்து லாடம் அடிக்க முடியாது, படுக்க வைக்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனி கொம்பில். இன்னொரு கயிறு காலைச் சுற்றி வரும். ஒருத்தர் தலைப்பக்கம் திருக, அதே நேரம் மற்றவர் கால்பக்கம் இழுக்க, மாடு அடிபடாமல் மெத்தென்று சாயும். ஒரு நொடி முந்தினாலும் கொம்பு முறியும், பிந்தினாலும் இழுப்பவர் விலா எலும்பு போகும். அப்பா தலைப்பக்கம் பிடிப்பார். லாடக்காரர் கால்பக்கம். இருவரும் முப்பது வருஷமாக அதைச் செய்தார்கள். அதற்கென்று ஒரு வார்த்தை அவர்களுக்குள் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் பென் ஜான்சன் டீம் ரோப்பிங்கில் உலகச் சாம்பியன் ஆனார். பணம்? கையில் மூன்று டாலர்கூட மிஞ்சவில்லை, தேய்ந்துபோன காரும் கோபமாயிருந்த மனைவியும்தான் மிச்சம் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். படித்தவுடன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். 1983-ல் அப்பா தரகை விட்டுவிட்டு, காங்கேயம் கன்று ஒரு ஜோடி வாங்கி, ஒரு வருஷம் பூராவும் ரேக்ளா பந்தயம் பந்தயமாகத் திரிந்தார். ஒரே ஒரு கோப்பை. கொட்டிலில் உத்திரத்துக்கு மேலே இன்றைக்கும் இருக்கிறது. தோட்டத்தில் அரை ஏக்கர் போயிற்று. ஆறு மாசம் அம்மா சோறு போடுவாரே தவிர ஒரு பேச்சில்லை. கதையைக் கேட்டுவிட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பொம்பளை மறுக்காப் பேசினாளா?"

பேசினார். 1994-ல் கேரல் இறக்கும்வரை ஐம்பத்து மூன்று வருஷம் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

திரும்பி வந்தவருக்குக் கதாநாயகன் வேஷம் இல்லை. ரோடியோவுக்குப் போகுமுன்பே நடித்து, அதே 1953-ல் வெளிவந்த ஷேன் படத்திலேயே கதாநாயகன் சட்டைமேல் விஸ்கியை ஊற்றி வம்பிழுக்கும் அடியாளாக வருவார், பிறகு மனசு மாறி அவரையே எச்சரிக்க வருவார். அடுத்த பதினைந்து வருஷமும் இப்படித்தான். மூன்றாவது ஆள், நாலாவது ஆள். 1969-ல் வந்த வைல்ட் பஞ்ச் பெரிய படம், ரத்தம் அதிகம். ஆனால் கடைசியில் நாலு பேர் ஒன்றாக நடந்து போகும் காட்சிக்காக அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வில்லியம் ஹோல்டன், எர்னஸ்ட் போர்க்னைன், வாரன் ஓட்ஸ், பென் ஜான்சன். சாகப்போகிறோம் என்று நாலு பேருக்கும் தெரியும். மற்ற மூவரும் அதை நடந்து காட்டுகிறார்கள். இவர் மட்டும் கொட்டிலுக்குப் போகிற மாதிரி போகிறார்.

பிறகுதான் சாம் தி லயன். பீட்டர் போக்டனோவிச் 1971-ல் எடுத்த லாஸ்ட் பிக்சர் ஷோ. டெக்சாஸில் ஆர்ச்சர் சிட்டி என்ற சின்ன ஊரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். காற்றும் புழுதியும், மூடப்போகிற ஒரு டாக்கீசும். அந்த டாக்கீஸ், ஒரு ஓட்டல், ஒரு பில்லியர்ட்ஸ் கூடம், மூன்றுக்கும் சொந்தக்காரர் சாம். அந்த வேஷம் வேண்டாம் என்றுவிட்டார் பென் ஜான்சன். இரண்டு காரணம் சொன்னார். கெட்ட வார்த்தை இருக்கிறது, வசனம் மிக அதிகம். அவ்வளவு பேசச் சொன்னால் எப்படி? போக்டனோவிச் ஜான் ஃபோர்டிடம் போய் நின்றார். முட்டிக்கொண்ட அதே ஃபோர்ட் போன் போட்டுச் சம்மதிக்க வைத்தார். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டுத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

குளத்துக் காட்சி ஒன்று உண்டு. மாடு தண்ணீர் குடிக்க வெட்டிய குளம். பையன்கள் இரண்டு பேரோடு சாம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணோடு இங்கே வந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். குதிரையோடு குளத்தை நீந்திக் கடக்கலாம், யார் முதலில் என்று ஒரு வெள்ளி டாலர் பந்தயம் கட்டினாளாம். அவள்தான் ஜெயித்தாள். இதைச் சொல்லும்போது அவர் பையன்களைப் பார்ப்பதில்லை, குரலை ஏற்றி இறக்குவதில்லை. சொல்வதற்கு நடுவே சிகரெட் சுற்றுகிறார். இடையில் ஒரு முறை சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகிறது. வசனம் வேண்டாம் என்று சொன்ன மனிதர். வாழ்நாளெல்லாம் பேசாமல் சேர்த்து வைத்ததை ஒரே இடத்தில் அவிழ்த்துவிட்டது போல எனக்குப் பட்டது. படம் முழுக்க அவர் வருவது பத்து நிமிஷத்துக்கும் குறைவு. துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி, இது என்னைவிட நல்லவனுக்குக் கிடைத்திருக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார். ரோடியோ உலகப் பட்டமும் ஆஸ்கரும் இரண்டும் வாங்கிய வேறொருவர் இன்றுவரை இல்லை.

1996 ஏப்ரல் 8-ஆம் தேதி அரிசோனாவில் மேசா நகரத்தில் மாரடைப்பில் இறந்தார். 77 வயது. அங்கே இருந்த தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். அந்த அம்மாவுக்கு அப்போது 96. அதாவது கட்டிலிலிருந்து எழுந்த அப்பா அப்படியே நின்று அவரைப் பார்த்தாரே, அன்றைக்கு அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு 2011-ல் வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு சாயங்காலம் தீவனக் கடையை அடைத்துவிட்டு வந்து, அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து ஏதாவது போட்டுக் காட்டுவேன். ஒரு நாள் ஷீ வோர் எ எல்லோ ரிப்பன் போட்டேன். டைரி வந்தான். செவலை வந்தது. பள்ளத்தைத் தாண்டியது. அப்பாவின் இடது கை துண்டைத் தேடி எடுத்தது. மெதுவாக என் கைமேல் இழுத்துப் போட்டார்.

துண்டுக்கடியில் ஐந்து விரலையும் கொத்தாகப் பிடித்தார். விட்டார். மறுபடி ஐந்து. அப்புறம் இரண்டு.

"பன்னெண்டாயிரங்களாப்பா? குதிரைக்கா?"

கண்ணை மூடித் திறந்தார். சந்தைக்குப் போவதை அவர் நிறுத்தியபோது நல்ல உருப்படிக்கு இருந்த விலை அது.

"இப்ப அந்த வெலைக்கெல்லாம் வராதுங்கப்பா," என்று சொல்லிவிட்டுக் கையை உருவினேன், எதிராளி செய்கிற மாதிரியே.

அவர் துண்டைத் தூக்கிப்பிடித்துக் காத்திருந்தார். கையை மறுபடி உள்ளே விட்டேன். ஐந்து, ஐந்து, இரண்டு. கொஞ்சம் யோசித்தார். அப்புறம் இன்னும் ஒரு விரலைப் பிடித்தார்.